வங்கிக்குத் தெரிந்தது நிலம், தெரியாதது தொழில்

வங்கி விளம்பரங்களில் அடிக்கடி வரும் சொல் ‘உறவு’. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் உறவு, குடும்பம் போன்ற உறவு! பணம் உள்ள வாடிக்கையாளரைக் கவனிக்க ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’ என்று ஒரு பதவியே இருக்கிறது. ஆனால் திருப்பூரிலோ கரூரிலோ பத்துத் தையல் மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க் செய்கிற ஒருவர் கடன் கேட்டுப் போனால் அங்கே வரும் முதல் கேள்வி, “சொத்துப் பத்திரம் இருக்கா?” என்ன தைக்கிறார், யாருக்குத் தைக்கிறார், பில் பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். சில இடங்களில் அப்புறமும் இல்லை.

இது ஏதோ ஒரு மேலாளரின் குணக்கேடு அல்ல. இந்திய வங்கிகள் தங்கள் மூலதனத்தை எப்படிக் காப்பாற்றுகின்றன, யாரோடு உறவு வைத்துக்கொள்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில் இதுதான். சின்னவனிடம் உறவே இல்லை, பத்திரம்தான். பெரியவனிடம் பத்திரம் இரண்டாம்பட்சம், உறவுதான். இந்த ஏற்பாட்டில் நஷ்டம் வந்தபோது அதை அடைத்தது பொதுப்பணம். இதை மாற்றாமல் ‘சிறு தொழில்தான் நாட்டின் முதுகெலும்பு’ என்று மேடைக்கு மேடை பேசுவதில் அர்த்தமே இல்லை.

வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு?

வங்கி கொடுக்கும் கடனில் பெரும்பகுதி டெபாசிட்தாரர்களின் பணம். வங்கியின் சொந்தப் பணம், அதாவது பங்கு முதலும் சேர்த்து வைத்த லாபமும், அதில் சிறு பகுதிதான். கடன் திரும்பி வராவிட்டால் முதலில் அடிபட வேண்டியது இந்தச் சொந்தப் பணம். அது தீர்ந்தால்தான் டெபாசிட்தாரர் பக்கம் ஆபத்து வரும். அதனால்தான் ‘இவ்வளவு கடன் கொடுத்தால் இவ்வளவு சொந்தப் பணம் இருக்க வேண்டும்’ என்று விதி வைத்தார்கள். 1988-ல் பாசல் நகரில் கூடி வகுத்த முதல் விதி 8 சதவீதம். 1991-ன் நரசிம்மம் குழுவுக்குப் பிறகு இந்தியாவும் இந்தப் பாதைக்கு வந்தது. பாசல் 3 விதிகளில் இந்தியா வைத்த அளவு 9 சதவீதம், அதற்கு மேல் தற்காப்புக்காக இன்னொரு 2.5 சதவீதம். ஆக மொத்தம் 11.5.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 11.5 சதவீதம் என்பது கடன் தொகையின் மீது அல்ல, ‘ரிஸ்க் எடை’ போட்ட தொகையின் மீது. ஒவ்வொரு வகைக் கடனுக்கும் ஒரு எடை. ட்ரிபிள் ஏ ரேட்டிங் வாங்கிய பெரிய கம்பெனிக்கு 20 சதவீதம். டபுள் ஏ-வுக்கு 30. சிங்கிள் ஏ-வுக்கு 50. ட்ரிபிள் பி-க்கு 100. ரேட்டிங்கே இல்லாத கம்பெனிக்கு 100. அதற்குக் கீழே டபுள் பி, பி என்று வாங்கியவர்களுக்கு 150!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ரிபிள் ஏ கம்பெனிக்கு 1 கோடி கொடுக்க வங்கி ஒதுக்க வேண்டிய சொந்தப் பணம் 2.3 லட்சம். ரேட்டிங் இல்லாத நடுத்தர மில்லுக்கு அதே 1 கோடி கொடுத்தால் 11.5 லட்சம். சின்னக் கடன்களுக்கு, அதாவது 7.5 கோடிக்குள் கடனும் 50 கோடிக்குள் விற்றுமுதலும் இருந்தால், 75 சதவீத எடைச் சலுகை உண்டு. அப்போதும் 8.6 லட்சம். அதாவது வங்கியின் ஒரே ரூபாய் மூலதனம், பெரிய கம்பெனிக்குப் போனால் சிறு கம்பெனிக்குக் கொடுப்பதைப்போல மூன்றே முக்கால் மடங்கு கடனாகப் பெருகும்.

வேடிக்கை என்னவென்றால், தன்னைப் பற்றிய விவரங்களை எல்லாம் கொடுத்து, காசும் செலவழித்து ரேட்டிங் வாங்கும் சிறு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது டபுள் பி அல்லது அதற்கும் கீழே. உடனே எடை 150. ரேட்டிங் வாங்காமல் சும்மா இருந்திருந்தால் 100 அல்லது 75! உண்மையைச் சொன்னவனுக்கு அபராதம், சொல்லாதவனுக்குச் சலுகை.

அந்த ட்ரிபிள் ஏ என்பதாவது தெய்வ வாக்கா? 2018 ஆகஸ்ட் வரை ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனத்தின் கையில் இருந்தது ட்ரிபிள் ஏ. செப்டம்பரில் அது ‘டி’, அதாவது கட்டத் தவறியவர். அந்தக் குழுமத்தின் மொத்தக் கடன் 90,000 கோடிக்கும் மேல். 2019 பிப்ரவரி வரை டி.எச்.எஃப்.எல். ட்ரிபிள் ஏ. ஜூனில் அதுவும் தவணை தவறியது. ஒரு மாதத்தில், நாலு மாதத்தில் தலைகீழாகிற முத்திரையை நம்பி மூலதனத்தை அளக்கிறார்கள். பத்து வருஷமாக ஒரு மாதம்கூட வட்டி தவறாத பனியன் கம்பெனியின் நாணயத்துக்கு அந்த அளவுகோலில் இடமே கிடையாது.

2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இந்த எடைகளைத் திருத்தி, சிறு தொழில் கடன்களுக்கான மூலதனத் தேவையைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் எடை குறைந்தால் மட்டும் பத்திரம் கேட்கும் பழக்கம் போய்விடுமா? போகாது. அதற்குக் காரணம் வேறு.

நிலம் எதற்கு?

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கடனுக்கு ஈடாக நிலத்தையோ கட்டடத்தையோ எழுதி வாங்கிக்கொள்வதால் அந்தத் தொழில் கடனின் ரிஸ்க் எடை குறைவதில்லை. பாசல் விதிகளில் எடையைக் குறைக்கும் ஈடுகள் டெபாசிட், தங்கம், அரசுப் பத்திரம் போன்றவைதான். அந்தப் பட்டியலில் நிலம் இல்லை. அப்படியானால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, லீகல் ஒப்பீனியன் என்று ஏன் அலைய விடுகிறார்கள்?

விடை, கடன் கெட்டுப்போன பிறகு வரும் கணக்கில் இருக்கிறது. கடன் வாராக் கடனானால் வங்கி தன் லாபத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். ஈடு உள்ள கடனுக்கு முதல் வருடம் 15 சதவீதம். தொடக்கத்திலிருந்தே ஈடு இல்லாத கடனுக்கு 25. அதற்கும் அடுத்த நிலைக்குப் போனால் ஈடு இல்லாத பகுதிக்கு மொத்தமும், அதாவது 100 சதவீதம். ஈடு உள்ள பகுதிக்கோ 25, பிறகு 40 என்று மெதுவாக ஏறும். மேற்கொண்டு 2002-ன் சர்ஃபேசி சட்டம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து ஏலம் விடலாம்.

ஆக நிலம் கேட்பது தொழில் ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. தொழில் தோற்றால் என்ன செய்வது என்ற யோசனையில். கல்யாணப் பேச்சிலேயே விவாகரத்துக்கு ஜீவனாம்சம் பேசுவது போல! தோற்றாலும் தனக்கு நஷ்டமில்லை என்று ஆன பிறகு, அந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள வங்கிக்கு என்ன அவசியம்?

‘டெபாசிட்தாரர் பணம் ஐயா, சும்மா தூக்கிக் கொடுக்க முடியுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகவே 2000-ம் ஆண்டில் மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து சிறு தொழில் கடன் உத்தரவாத நிதியை ஏற்படுத்தின. ஈடு வாங்காமல் கொடுத்த கடன் கெட்டால் அதில் பெரும்பகுதியை அந்த நிதி தரும். உத்தரவாதம் உள்ள பகுதிக்கு ரிஸ்க் எடை பூஜ்யம். அதாவது மூலதனமே ஒதுக்க வேண்டாம்! 10 லட்சம் வரை சிறு தொழில்களிடம் ஈடே கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி கட்டாயமும் ஆக்கியது. இத்தனைக்கும் பிறகு பத்திரம் கேட்கிறார்கள் என்றால், அது டெபாசிட்தாரர் மேல் உள்ள அக்கறை அல்ல.

உண்மைக் காரணம் பயம். உத்தரவாத நிதியிடம் பணம் கேட்டால் முக்கால் பங்கு முதலில் வரும், மீதி வழக்கெல்லாம் முடிந்த பிறகு வரும். இடையில் கடன் கொடுத்த அதிகாரியிடம் விளக்கம் கேட்டு ஓலை வரும். நிலம் வாங்கிக் கொடுத்த கடன் கெட்டால் ‘விதிப்படிதான் செய்தேன்’ என்று தப்பிக்கலாம். ஆளை நம்பிக் கொடுத்த கடன் கெட்டால் ‘ஏன் நம்பினாய்?’ என்று கேள்வி வரும். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் எந்த அதிகாரி இந்த வம்பை விலைக்கு வாங்குவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரை அப்படி ஆக்கி வைத்திருக்கும் நிர்வாகத்தைத்தான் சொல்ல வேண்டும்.

உறவு இருந்த இடம்

உறவே இல்லை என்று சொல்வது தவறு. இருந்தது. பெரிய இடத்தில் பலமாகவே இருந்தது.

2003-லிருந்து 2008 வரை பொருளாதாரம் பறந்தபோது இரும்பு, மின்சாரம், சாலை என்று பெரும் திட்டங்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் கூட்டாகச் சேர்ந்து அள்ளிக் கொடுத்தன. பத்து வங்கிகள் சேர்ந்து கொடுக்கும் கடனில் ஒவ்வொரு வங்கியும் ‘முதல் வங்கி பார்த்திருக்கும்’ என்று நினைத்தது. யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. காற்று திரும்பியதும் கடன்கள் ஆட்டம் கண்டன. அப்போது என்ன செய்தார்கள்? தவணையைத் தள்ளிவைத்தார்கள். பழைய வட்டியைக் கட்டப் புதுக் கடன் கொடுத்தார்கள். 2001-ல் தொடங்கிய கார்ப்பரேட் கடன் சீரமைப்பு முறையில் ஆரம்பித்து, 2015-ல் ஒன்று, 2016-ல் ஒன்று என்று புதுப் புதுப் பெயர்களில் திட்டம் போட்டு, கெட்ட கடனை நல்ல கடன் என்று ஏட்டில் காட்டினார்கள். கெட்டது என்று ஒப்புக்கொண்டால் மூலதனம் கரையும் அல்லவா? மூலதனத்தைக் காப்பாற்ற உறவைக் காப்பாற்றினார்கள்!

2015-ல் ரகுராம் ராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு நடத்திய பிறகுதான் திரை விலகியது. 2015 மார்ச்சில் 4.3 சதவீதமாக இருந்த மொத்த வாராக் கடன், 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியது. தொகையில் 10 லட்சம் கோடிக்கும் மேல். 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி 12 கணக்குகளைப் பொறுக்கி எடுத்துத் திவால் சட்டத்தின் கீழ் கொண்டுபோகச் சொன்னது. வெறும் 12 கணக்குகள். நாட்டின் மொத்த வாராக் கடனில் கால் பங்கு!

அந்தப் பன்னிரண்டில் ஒன்று அலோக் இண்டஸ்ட்ரீஸ். ஜவுளிக் கம்பெனி. திருப்பூர்க்காரர் செய்யும் அதே துணித் தொழில். கடன் கொடுத்தவர்கள் கோரிய தொகை சுமார் 29,500 கோடி. 2019-ல் கம்பெனி கைமாறியபோது அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 5,000 கோடி. ரூபாய்க்கு 17 பைசா. மீதி 24,500 கோடி போனது போனதுதான். அந்தப் பணத்தைத் தலைக்கு 50 லட்சம் வீதம் பிரித்தால் 49,000 சிறு நிறுவனங்களுக்கு நடைமுறை மூலதனம் கொடுத்திருக்கலாம். அவற்றில் பாதி மூழ்கியிருந்தாலும் வங்கிகளுக்கு இதைவிட லாபம்.

ஓட்டை விழுந்த மூலதனத்தை அடைத்தது யார்? 2016-17 முதல் 2020-21 வரை ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்கு அரசு கொடுத்த மூலதனம் ஏறத்தாழ 3.1 லட்சம் கோடி. அதில் பெரும்பகுதி மறுமூலதனப் பத்திரங்கள். அதாவது அரசு கடன் வாங்கி வங்கிக்குக் கொடுத்தது, அந்தப் பத்திரங்களுக்கு வட்டி கட்டுவது வரிப்பணம். 2014-15 முதல் 2022-23 வரை வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்கிய கடன் 14.56 லட்சம் கோடி என்றும், அதில் 7.4 லட்சம் கோடி பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது என்றும் பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஏட்டிலிருந்து நீக்குவது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்பது உண்மை. ஆனால் ஏலத்துக்கு வந்த பத்து சென்ட் வீட்டைப் பற்றி இப்படி யாரும் பொறுமையாக விளக்கம் சொல்வதில்லையே!

உறவுக் கடன் என்றால் என்ன?

இதே ரகுராம் ராஜன் கவர்னர் ஆவதற்கு ரொம்ப முன்னாலேயே, 1994-ல், மிட்செல் பீட்டர்சனோடு சேர்ந்து அமெரிக்கச் சிறு நிறுவனங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு வங்கியோடு நிறுவனத்துக்குள்ள பழக்கம் நீள நீள அதற்குக் கிடைக்கும் கடன் கூடுகிறது என்பது அதன் முடிவு. வட்டி பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் கடன் கிடைக்கிறது. காரணம் எளிது. பேலன்ஸ் ஷீட்டில் எழுத முடியாத விஷயங்கள் பழக்கத்தில் தெரியவரும். முதலாளி சீசன் இல்லாத மாதத்தில் என்ன செய்வார், பழைய பாக்கியை எப்படி வசூலிப்பார், ஆர்டர் ரத்தானால் யாரிடம் போவார்... இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

இதற்கும் ஒரு இருண்ட பக்கம் உண்டு. 1992-ல் எழுதிய இன்னொரு ஆய்வில் ராஜனே அதையும் சொல்லியிருக்கிறார். நிறுவனத்தைப் பற்றி ஒரே ஒரு வங்கிக்குத்தான் தெரியும் என்றால் அந்த வங்கி அதன் கழுத்தைப் பிடிக்கலாம். வேறு வங்கிக்குப் போக வழியில்லாதவனிடம் வட்டியை ஏற்றலாம். ஆகவே உறவு என்றாலே புனிதம் அல்ல. ஆனால் இந்தியச் சிறு தொழில்காரரின் நிலைமையைப் பாருங்கள். வங்கிக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் பத்திரம் உள்ளே மாட்டியிருப்பதால் வேறு வங்கிக்குப் போக முடியாது. உறவின் நன்மை இல்லை, உறவின் தீமை மட்டும் முழுசாக உண்டு.

வங்கி விட்ட இடத்தை யார் நிரப்பினார்கள்? திருப்பூரே சாட்சி. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு திருப்பூர் பின்னலாடைத் தொழிலைப் பற்றியது. அந்த வட்டாரத்தில் நிலமும் பணமும் சொந்தபந்தமும் உள்ள கவுண்டர் சமூகத்தினர் அதிக முதலோடு தொழில் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினார்கள். ஆனால் வெளியாட்கள்தான் வேகமாக வளர்ந்தார்கள், சில வருடங்களில் முந்தியும் போனார்கள். இதில் யாருடைய உழைப்பையும் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. தன் ஆட்களை நம்பி முதல் கொடுத்தது அந்தச் சமூகத்தின் பலம். ஆனால் திறமை ஓரிடத்திலும் முதல் வேறிடத்திலும் இருக்கும்போது இரண்டையும் சேர்த்து வைப்பதற்குத்தானே வங்கி என்று ஒன்று இருக்கிறது? அந்த வேலையை அது செய்யவில்லை என்பதுதான் அந்த ஆய்வு சொல்லும் சேதி.

பத்திரம் கேட்பது சாதி பார்ப்பது அல்ல என்று வங்கி சொல்லும். ஆனால் இந்த நாட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது? முதல் தலைமுறைத் தொழில்காரர், தலித், அப்பன் சொத்தில் பங்கு எழுதி வாங்காத பெண்... இவர்களிடம் போய் மூலப்பத்திரம் கேட்பது என்ன நியாயம்? விதியில் சாதி இல்லைதான், ஆனால் விதி போய் நிற்கிற இடம் அதுதான்.

‘கடன் கிடைத்தால் மட்டும் என்ன செய்துவிடுவார்கள்?’ என்பவர்களுக்கும் பதில் உண்டு. 1998-ல் முன்னுரிமைக் கடனுக்கான வரம்பு, இயந்திர மதிப்பில் 65 லட்சத்திலிருந்து 3 கோடிக்கு உயர்த்தப்பட்டது. அதனால் புதிதாகத் தகுதி பெற்ற நிறுவனங்களை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ந்தார்கள். கூடுதல் கடன் வந்ததும் அவற்றின் விற்பனையும் லாபமும் கூடின. அதாவது தொழில் இருந்தது, ஆர்டர் இருந்தது, பணம்தான் இல்லை.

தொண்ணூறு நாளும் மூன்று வருடமும்

உறவு வளராமல் போனதற்கு இரண்டு எண்கள் காரணம். ஒன்று 90. தவணை தவறி 90 நாள் ஆனால் வாராக் கடன். 2004 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. ஆனால் ஜாப் ஒர்க் செய்பவருக்குப் பெரிய கம்பெனி பணம் கொடுப்பது மூன்று மாதமோ நாலு மாதமோ கழித்து. 45 நாளில் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தது. அதைக் கேட்டு வாங்கப் போனால் அடுத்த ஆர்டர் கிடைக்காது! ஆக தாமதம் செய்தது பெரிய கம்பெனி. கெட்ட பெயர் சிறியவருக்கு. சிபில் ஸ்கோர் இறங்குவதும் அவருக்கே. ஆளைத் தெரிந்த வங்கியாக இருந்தால் அந்த நாலு மாதத்துக்குக் கைகொடுத்திருக்கும். தெரியாத வங்கி நோட்டீஸ்தான் அனுப்பும்.

இன்னொன்று 3. பொதுத்துறை வங்கி அதிகாரி ஒரு கிளையில் ஏறத்தாழ மூன்று வருடம் இருப்பார். ஊரையும் தொழிலையும் புரிந்துகொள்ள ஒரு வருடம். பழகி நம்பிக்கை வர ஒரு வருடம். மூன்றாவது வருடம் மாற்றல் உத்தரவு. அவரோடு அந்த அறிவும் பஸ் ஏறிவிடும். புதிதாக வருபவர் மறுபடி பத்திரத்தில் ஆரம்பிப்பார். ஊழலைத் தடுக்கத்தான் இந்த மாற்றல் என்கிறார்கள். பன்னிரண்டு கணக்கில் கால் பங்கு வாராக் கடன் போனது கிளை மேலாளரின் மாற்றலால் தடுக்கப்பட்டதா என்ன? அவை தலைமை அலுவலகத்தில் போர்டு ரூமில் முடிவானவை.

போதாக்குறைக்கு 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகளை 2020 ஏப்ரலுக்குள் 12 ஆகச் சுருக்கினார்கள். வங்கி பெருக்கப் பெருக்க, முடிவெடுக்கும் இடம் கிளையிலிருந்து எங்கோ உள்ள ‘பிராசசிங் சென்டரு’க்குப் போகிறது. கடன் கேட்பவரின் முகத்தைப் பார்த்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

கரூர் சொல்லும் பாடம்

1926-ல் கரூரில் உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, பல பத்தாண்டுகள் சிறு வணிகர்களையும் சிறு தொழில்களையும் நம்பி வளர்ந்தது. பின்னாளில் வேகமாகப் பெரிதாகும் ஆசையில் தனக்குப் பழக்கமில்லாத பெரு நிறுவனக் கடன்களின் பக்கம் சாய்ந்தது. விளைவு? 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. 2020 ஜூனில் அதன் வாராக் கடன் நூற்றுக்கு 25. இருக்க வேண்டிய மூலதனமோ ஏறக்குறைய பூஜ்யம், 0.17 சதவீதம். 2020 நவம்பர் 17-ல் பணம் எடுக்க 25,000 ரூபாய் உச்சவரம்பு. 27-ம் தேதி சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு. டெபாசிட்தாரர் தப்பித்தார்கள். பங்குதாரர்களின் முதல் முழுக்கத் துடைக்கப்பட்டது. தலைமுறையாகப் பங்கு வைத்திருந்த கரூர்க் குடும்பங்களுக்குக் கையில் மிஞ்சியது பூஜ்யம்.

94 வருட வங்கியைக் கரூரின் கொசுவலைக்காரரோ பஸ் பாடி கட்டுபவரோ மூழ்கடிக்கவில்லை. தெரிந்தவனை விட்டுத் தெரியாதவனிடம் போன ஆசைதான் மூழ்கடித்தது.

மறுப்புகள்

‘சிறு கடன்களும்தான் கெடுகின்றன’ என்பார்கள். கெடுகின்றன. ஆனால் ஆயிரம் சிறு கடன்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. ஒரே குழுமத்துக்கு வங்கி மூலதனத்தில் 40 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றிருந்த பழைய விதிதான் ஆபத்து. 2019 ஏப்ரல் முதல் அதை முதல் அடுக்கு மூலதனத்தில் 25 சதவீதமாகக் குறைத்ததே அந்த ஆபத்தை ஒப்புக்கொண்டதுதான்.

‘பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுக்காமல் நாடு வளருமா?’ வளராது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் இருபது வருடத்தில் பலன் தரும் மின் நிலையத்துக்கு ஒரு வருட டெபாசிட்டை எடுத்துக் கொடுப்பது வங்கியின் வேலையா, பாண்டு சந்தையின் வேலையா என்று கேட்க வேண்டும்.

‘இப்போது ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கடன் கொடுக்கிறது, இன்னும் எதற்கு ஆள்?’ உண்மைதான், 2020-க்குப் பிறகு சிறு தொழில் கடன் நன்றாகவே கூடியிருக்கிறது. மொத்த வாராக் கடனும் 2025 மார்ச்சில் 2.3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஜி.எஸ்.டி. கணக்கு சொல்வது போன மாதக் கதையை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எந்தத் திருப்பூர் ஏற்றுமதியாளர் வேறு சந்தை பிடிப்பார், எவர் படுத்துவிடுவார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நல்ல காலத்தில் கடன் கொடுக்க ஆளே வேண்டாம். கெட்ட காலத்தில்தான் வேண்டும். கொரோனா நேரத்தில் 2020 மே மாதம் அறிவித்த 3 லட்சம் கோடி அவசரக் கடன் உத்தரவாதம்கூட ஏற்கெனவே கடன் பாக்கி இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. வங்கிப் படியே ஏறாதவருக்கு அதில் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது

ஆகாயத்திலிருந்து எதுவும் இறங்கி வர வேண்டாம். தொழில் கடன் பார்க்கும் அதிகாரியை ஒரே வட்டாரத்தில் குறைந்தது ஐந்து வருடம் வையுங்கள். போகும்போது ஒவ்வொரு நிறுவனத்தைப் பற்றியும் தனக்குத் தெரிந்ததை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். உத்தரவாத நிதியின் கீழ் வரும் கடனுக்கும் பத்திரம் கேட்டால் வங்கிக்கு அபராதம் போடுங்கள். கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய கம்பெனி தாமதித்ததால் தவணை தவறியவருக்கும் வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கும் ஒரே முத்திரை குத்தாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஈடில்லாமல் எத்தனை தொழில் கடன் கொடுத்தீர்கள் என்று வருடா வருடம் வெளியிடுங்கள். அந்த ஒரு எண் போதும், எந்த வங்கி தொழில் செய்கிறது, எது அடகுக்கடை நடத்துகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அடகுக்கடை ஒன்றும் கேவலமான தொழில் அல்ல. ஆனால் அடகுக்கடைக்காரர் யாரும் நஷ்டம் வந்தால் வரிப்பணத்தில் 3 லட்சம் கோடி கேட்பதில்லை. பொதுப்பணத்தில் மூலதனம் வாங்கிய வங்கிக்கு, அந்தப் பொதுமக்களில் ஒருவர் கடன் கேட்டு வந்து நிற்கும்போது அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்கும் கடமையாவது உண்டு. பத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.